பூதத்தின் பற்று நோட்டு

அவிநாசியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: “ஏனுங்க, என்ற பையன் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாடறானுங்க. பழைய கிளாசிக்காம். அதுல அவன் ஹீலர். ஆரையும் ஒரு அடி அடிக்கறதில்லை, கூட இருக்கறவங்க காயத்தை ஆத்தறது மட்டுந்தான். அப்பறம் எதுக்குங்க பூதமெல்லாம் அவனையே தொரத்துது? டீம்ல திட்டறாங்கன்னு அழுகறான்.”

முன்னால் நின்று அடி வாங்குகிற டேங்க், பின்னால் நிற்கிற ஹீலர் என்பதையெல்லாம் பையனே சொல்லிவிடுவான். அவன் சொல்லாதது, பூதத்தின் கையில் இருக்கும் கணக்கு.

பொள்ளாச்சியில் எங்கள் அப்புச்சி மளிகைக்கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் பற்று நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பூதத்திடமும் அப்படி ஒரு நோட்டு உண்டு. அதில் ஏறும் புள்ளிக்கு ‘திரெட்’ என்று பெயர். அடியின் அளவு எவ்வளவோ அவ்வளவு புள்ளி. டேங்குக்கு மட்டும் கூடுதலாக ஏறும். காயம் ஆற்றினாலும் ஆற்றிய அளவில் பாதிப் புள்ளி ஏறும், அது சண்டையிலிருக்கும் பூதங்களுக்கெல்லாம் சமமாகப் பிரியும். யார் பாக்கி அதிகமோ அவரைத்தான் பூதம் அடிக்கும். ஆள் மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் நிற்பவர் 10 சதவீதமும் தள்ளி நிற்பவர் 30 சதவீதமும் அவரைத் தாண்ட வேண்டும்.

பையன் 1000 அளவுக்கு ஆற்றுகிறான், ஐந்து பூதங்கள் என்றால் ஒவ்வொன்றின் நோட்டிலும் அவன் பெயரில் 100 ஏறும். டேங்க் பெயரில் ஆயிரக்கணக்கில் இருக்கும் நோட்டில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் புதிதாக ஓடிவந்த பூதத்தின் நோட்டு வெறுமையாக இருக்கிறது. அதில் ஏறும் முதல் பெயர் உங்கள் பையனுடையது. அம்மா, விஷயம் அவ்வளவுதான்.

பாக்கியைக் குறைக்க வழிகள் உண்டு. பாலடின் வகை வீரர் தரும் ஓர் ஆசி, ஏறும் புள்ளியிலேயே 30 சதவீதத்தைக் குறைத்துவிடும். பிரீஸ்ட் வகை ஹீலரின் ‘ஃபேட்’ வித்தை பத்து விநாடிக்குப் பாக்கியை மறைக்கும். பிறகு பழையபடி திரும்பிவிடும். அது தள்ளுபடி அல்ல, தவணை.

எனக்குப் பிடித்தது ‘ஃபெய்ன் டெத்’, அதாவது செத்ததுபோல் விழுவது. எங்கள் வீட்டுக் கத்தரிச் செடியில் சாம்பல் நிறக் கூன்வண்டு வரும். கிளையைத் தட்டினால் காலை மடக்கிக்கொண்டு பொத்தென்று விழுந்து, அசையாமல் கிடக்கும். அம்மா கீழே பழைய வேட்டியை விரித்துவிட்டுத் தட்டுவார். விழுந்தவற்றை விரலால் தொட்டாலும் அசைவிருக்காது. வேறுபக்கம் பார்த்துத் திரும்பினால் இரண்டு காணாமல் போயிருக்கும். வார்கிராஃப்ட்டில் இது வேட்டைக்காரனின் வித்தை. விழுந்த நொடியில் அவன் பக்கம் கிழிந்துபோகும். 1999இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டில் துறவி வீரர்கள் இதை ஒரு கலையாகவே ஆக்கினார்கள். குகையில் நான்கு பூதங்கள் ஒன்றாக நிற்கும். துறவி தனியாகப் போய்ச் சீண்டிவிட்டு ஓடிவந்து பொத்தென்று விழுவான். ஆள் செத்தான் என்று அவை ஒவ்வொன்றாகத் திரும்பி நடக்கும். கடைசியாக ஒன்று மட்டும் பக்கத்தில் நிற்கும்போது எழுந்து, அதை மட்டும் நண்பர்களிடம் இழுத்து வருவான். சில சமயம் வித்தை பலிக்காது. விழுந்தவனைப் பூதங்கள் அடித்துக்கொண்டே இருக்கும்.

2011 ஆகஸ்டில் வார்கிராஃப்ட்டை உருவாக்கிய பிளிஸ்ஸார்ட், டேங்கின் அடிக்கு ஏறும் திரெட்டை மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்காக உயர்த்தியது. அதன்பின் மற்றவர்கள் கையை அடக்கி அடிக்க வேண்டிய தேவையே ஏறக்குறைய இல்லாமல் போனது. அது பெரிய இழப்பு என்பேன். எப்போது அடிக்காமல் நிற்பது என்று தெரிந்தவர்கள்தான் நல்ல குழு. 2019 ஆகஸ்டில் பழைய வடிவத்தையே திரும்பத் தரும் கிளாசிக் வந்தபோது பழைய கணக்கும் திரும்பி வந்தது. ஆனால் பொறுமையில்லாமல் அடிப்பவனை விட்டுவிட்டு ஹீலரைத் திட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது அநியாயம்.

பையனிடம் சொல்லுங்கள்: புதுப் பூதம் வந்தால், டேங்க் அதன்மேல் ஓர் அடி போடும் வரை முடிந்தால் கையை நிறுத்தட்டும். பிரீஸ்ட் என்றால் அந்த நேரத்தில் ஃபேட் போடட்டும். துரத்தினால் பயந்து தூரமாக ஓட வேண்டாம். டேங்க் நிற்கிற இடத்துக்கே ஓடட்டும்.