வெள்ளைக்கல்லில் அடைபட்ட வாயு

ஏற்காட்டு அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர்களுக்கு மேக்னசைட் புதிதல்ல. சேலத்தின் வடபுறத்துச் சுரங்கங்களில் வெட்டியெடுத்த அந்த வெள்ளைக்கல்லின் எடையில் பாதிக்கு மேல் கரியமில வாயு என்றால்தான் நம்பச் சிரமம்.

பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த டூனைட் பாறையில் மக்னீசியம் ஏராளம். கரியமில வாயு கரைந்த நீர் அதன் வெடிப்புகளில் புகுந்து, மக்னீசியத்தோடு சேர்ந்து கல்லாக இறுகிவிட்டது. கரும்பாறைக்குள் வெள்ளை நரம்புகள் ஓடுவது அதனால்தான். சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த அமிலத்தைச் சொட்டினால் உடனே நுரைக்கும், மேக்னசைட் அசையாது. பொடித்து, அமிலத்தையும் சூடாக்கினால்தான் பொங்கும். அவ்வளவு அழுத்தக்காரக் கல்!

சூளையில் வெப்பம் 700 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பிடி விடுகிறது. சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் 52 கிலோ வாயு புகைபோக்கியில் போய்விடும்; மிஞ்சுவது 48 கிலோ மக்னீசியா. அது உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லுக்கு உகந்தது. 1979-ல் தொடங்கிய அரசு நிறுவனமான டான்மேக் போன்றவற்றுக்குக் காசு தருவது அந்த 48 கிலோதான். எரிபொருள் புகையோடு கலந்துவிட்ட வாயுவைப் பிரித்தெடுக்கச் செலவு அதிகம். எனக்கென்னவோ அந்த 52 கிலோவை நினைத்தால் ஆதங்கம்தான்.

கோலி சோடாவில் இதே வாயுவைக் காசு கொடுத்து வாங்குகிறோம். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பர் வளையத்தில் இறுக்கிப் பிடிக்கிறது; தனியாக மூடி வேண்டாம். குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும். வெயிலில் கிடந்த பாட்டில் சீறுவது அதனால்தான்.

கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தீயணைப்பானிலிருந்து பீய்ச்சினால் நெருப்பின் மேல் படர்ந்து அணைக்கும். பாழுங்கிணற்றின் அடியில் தேங்கினால் ஆளையே கொல்லும், நிறமில்லை, வாடையில்லை. கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பி இறங்க வேண்டாம். எல்லா விஷவாயுவையும் விளக்கு காட்டிக்கொடுக்காது. சில வாயுக்கள் அதிலேயே பற்றிக்கொள்ளும்.

நாமக்கல் முட்டைக்குள்ளும் கரியமில வாயு உண்டு. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரைந்திருக்கும் வாயு, ஓட்டின் நுண்துளைகள் வழியே நாளுக்கு நாள் வெளியேறும். வெள்ளைக்கருவில் காரத்தன்மை கூடும். அதற்கு முன்பே அவித்தால் உள்தோல் கருவோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். நூறு முட்டை உரிக்க வேண்டியவர்கள் அன்று இட்டதை வாங்காமல் நாலைந்து நாள் ஆனதைக் கேட்டு வாங்குவது நல்லது.