படிக்கட்டு எவ்வளவு வளையலாம்?

வளைந்து ஏறும் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் விசிறி வடிவில் இருக்கும். வெளிப்பக்கம் விரிந்திருக்கும், உள்பக்கம் ஒடுங்கியிருக்கும். நேரான படிக்கட்டில் எந்த ஓரமாக இறங்கினாலும் காலுக்குக் கிடைக்கும் இடம் ஒன்றுதான். வளைவில் அப்படியில்லை. சுவரோரம் இறங்குகிறவருக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்போது, உள்பக்கம் இறங்குகிறவரின் பாதம் பாதி அந்தரத்தில் நிற்கும்.

தெரியாத படிக்கட்டில் இறங்கும்போது முதல் இரண்டு மூன்று படிகளைத்தான் நாம் பார்த்துக் கால் வைக்கிறோம். அதற்குள் படியின் உயரமும் ஆழமும் காலுக்குப் பிடிபட்டுவிடும். பிறகு பேச்சு ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம் இருக்க, கால் தானாக இறங்கிக்கொண்டே போகும். எதிர்பார்த்த இடத்தில் படி இல்லாவிட்டால்தான் தடுமாற்றம். அதனால்தான் அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் 'சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு', ஒரு படி வரிசைக்குள் பெரிய படிக்கும் சிறிய படிக்கும் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. ஒரு விரல் தடிமன்கூட இல்லாத வித்தியாசம் ஆளை விழவைக்கும்.

படியின் அளவுக்கும் நடைக்கும் உள்ள உறவை 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளொண்டெல் கணக்காக எழுதிவைத்தார். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் ஆழத்தைக் கூட்டினால், மனிதர் சாதாரணமாக எடுத்துவைக்கும் ஓர் எட்டின் நீளம் வரவேண்டும். இன்றைய அமெரிக்க விதிப்படி பொதுக் கட்டடத்தில் படியின் உயரம் 178 மி.மீ. வரை போகலாம்; ஆழம் 279 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கூட்டிப் பார்த்தால் 635 மி.மீ. ஓர் எட்டுக்கு இது சரியாக இருக்கிறது.

வளைவுப் படியில் இந்தக் கணக்கு ஒரே ஒரு கோட்டின் மேல்தான் பொருந்தும். ஒடுங்கிய விளிம்பிலிருந்து 305 மி.மீ. தள்ளி விதித்தொகுப்பு ஒரு நடைக்கோட்டை வரைகிறது. அந்தக் கோட்டில் 279 மி.மீ. ஆழம் வேண்டும்; படியில் நடக்கக்கூடிய எந்த இடத்திலும் 254 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இதோடு விட்டிருந்தாலும் போதாது. உள்வளைவின் ஆரம், கூட்டத்துக்குத் தேவைப்படும் படிக்கட்டு அகலத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. உள் ஆரம் அகலத்தைப் போல் இரண்டு பங்கு என்றால், வெளி ஆரம் மூன்று பங்கு. ஆகவே, தேவைப்படும் அகலத்துக்கே படிக்கட்டைக் கட்டினால், படியின் வெளி விளிம்பு உள் விளிம்பைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டாது. உள்ளே 254 என்றால் வெளியே 381. இரண்டு ஓரத்திலும் பாதம் ஊன்றும்.

இரண்டு ஓரத்தையும் ஏன் பார்க்க வேண்டும்? ஒற்றை ஆள் இறங்கும்போது அவர் தனக்கு வசதியான கோட்டைத் தேர்ந்துகொள்வார். கூட்டத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் எதிர்ப்படும்போது ஒரு சாரார் உள்விளிம்புக்குத் தள்ளப்படுவார்கள். கைப்பிடி இல்லாமல் இறங்க முடியாத முதியவர் உள்பக்கக் கைப்பிடியைப் பற்றினால், படியின் மிகக் குறுகிய இடத்தில்தான் அவர் கால் விழும். உயர்மாடிக் கட்டடங்களை விட்டு மக்கள் வெளியேறும் ஒத்திகைகளைக் கனடாவில் கவனித்து ஆராய்ந்த ஜேக் பால்ஸ், நேரான படிக்கட்டிலேயே மக்கள் இருபுறச் சுவரிலிருந்தும் சுமார் 15 சென்டிமீட்டர் விலகித்தான் நடக்கிறார்கள் என்று கண்டார். வளைவில் ஒடுங்கிய விளிம்பும் பயன்படாமல் போனால், மிஞ்சுகிற வழி இன்னும் குறுகிவிடும்.

டெல்லி குதுப் மினாரில் 1981 டிசம்பர் 4 அன்று நடந்ததை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. சுமார் 73 மீட்டர் கோபுரம். உள்ளே 379 சுழல் படிகள். பார்வையாளர்கள் உள்ளே இருக்கும்போது மின்விளக்கு அணைந்தது. இருட்டில் ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அதன்பின் உள்ளே ஏறப் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டிய கோபுரத்தை இன்றைய விதிகளால் குறைசொல்ல முடியாது. ஆனால் அப்படியொரு படியில் கூட்டத்தை ஏற்றலாமா என்பது நம் காலத்து முடிவு.

நடுக்கம்பத்தைச் சுற்றும் சுழல் படிக்கட்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விட்டம் 1.5 மீட்டர், கம்பத்தின் தடிமன் 10 செ.மீ., ஒரு சுற்றுக்கு 12 படிகள் என்று வைத்துக்கொள்வோம். வெளிவிளிம்பில் சுமார் 39 செ.மீ.; கம்பத்தை ஒட்டி 2.6 செ.மீ. பதினைந்து மடங்கு வித்தியாசம்! இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. மேல் சுற்றின் படிகள் நம் தலைக்கு மேலேயே வருவதால், தலை இடிக்காமலிருக்கப் படிகளின் உயரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். அமெரிக்க விதி அதற்காக 241 மி.மீ. வரை இடம் கொடுக்கிறது. ஆனால் வெளியேறும் வழியாக அதை வீட்டுக்குள்ளும், ஐந்து பேருக்கு மேல் இல்லாத சிறு இடங்களுக்கும்தான் பொதுவாக அனுமதிக்கிறது.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இதில் கண்டிப்பானதுதான். வெளிப்புறச் சுழல் படிக்கட்டு, ஆட்கள் குறைவாக இருக்கும், 9 மீட்டர் உயரம் வரையுள்ள கட்டடத்துக்கு மட்டும்தான்; அதன் விட்டமும் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. நம் ஊர்க் கடைவீதிகளில் நாலைந்து மாடிக் கட்டடத்தின் பின்சுவரில் இரும்புச் சுழல் படியை ஒட்டவைத்து 'அவசர வழி' என்று பலகை மாட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து அதில் எப்படி இறக்குவது? குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முன்னால் போகிறவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு எத்தனை பேர் இறங்க முடியும்?

கல்யாண மண்டபத்தில் மணமக்கள் இறங்கிவர அழகான வளைவுப் படி கட்டுவதில் தவறில்லை. ஆரத்துக்கு இடம் ஒதுக்கினால் போதும். இடம் இல்லையென்றால் இரண்டு நேர் வரிசைகளும் நடுவில் ஒரு லேண்டிங்கும் போட்டுத் திருப்பிவிடலாம். ஏற்கெனவே கட்டியதை இடிக்க முடியாத இடங்களில் வெளிப்பக்கச் சுவரில் தொடர்ச்சியான கைப்பிடி, படி விளிம்புகளில் பளிச்சென்ற பட்டை, மின்சாரம் போனாலும் அணையாத விளக்கு, ஏறவும் இறங்கவும் தனித்தனி நேரம் ஆகியவற்றையாவது செய்துவிட வேண்டும். கட்டட அனுமதிக்கு வரும் அதிகாரியும் டேப்பைப் படியின் நடுவில் வைத்து அளக்காமல், உள்விளிம்பில் வைத்து அளக்க வேண்டும்.