கறியில் கிடந்த கட்டி: அம்பாறையும் முகநூலும்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு இலங்கையின் அம்பாறை நகரில், முஸ்லிம் குடும்பம் ஒன்று நடத்திய சாப்பாட்டுக் கடையில் தகராறு மூண்டது. கறியில் கட்டி ஒன்று கிடந்ததாகவும், அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றும் சாப்பிட வந்தவர் ஒருவர் கத்தினார். கூட்டம் சேர்ந்தது. சிங்களம் சரியாகத் தெரியாத காசாளர், கேள்வி புரியாமலும் அடிக்குப் பயந்தும் ஆமென்பதுபோல் ஏதோ சொன்னார். கடையை நொறுக்கிய கூட்டம் பள்ளிவாசலையும் தாக்கியது. வாகனங்கள் எரிக்கப்பட்டன.

காசாளர் ‘ஒப்புக்கொள்ளும்’ 18 விநாடிக் காணொளி முகநூலில் ஏறி நாடு முழுவதும் ஓடியது. அடித்துக் கேட்ட பதில் என்பது அதைப் பார்த்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. பிறகு அந்தக் கட்டி அரச இரசாயனப் பகுப்பாய்வுக்குப் போனது. அது வெறும் மாவு என்று முடிவு வந்தது. ஒருமுறை உணவில் கலந்து கொடுத்தால் ஆணையோ பெண்ணையோ நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் கிடையாது. வழக்கத்தில் உள்ள கருத்தடை மாத்திரைகள் பெண்களுக்கானவை. ஒழுங்காக விழுங்கி வந்தால்தான் வேலை செய்யும், நிறுத்தினால் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பிவிடும்.

வதந்தி முகநூலில் பிறந்ததல்ல. முஸ்லிம் கடைகளில் கொடுக்கும் இனிப்பில் மருந்து இருக்கிறது என்ற பேச்சு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிங்கள ஊர்களில் உலவியது. 2012இல் தோன்றிய பொது பல சேனா போன்ற அமைப்புகளின் மேடைகள் முஸ்லிம் சனத்தொகை பற்றிய அச்சத்தை வளர்த்தன. 2014 யூன் மாதத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் அளுத்கமை எரிந்தது. அம்பாறையில் முஸ்லிம் மருந்துக்கடைக்காரரிடம் 23,000 மலட்டு மாத்திரைகள் பிடிபட்டதாக ஒரு பொய்ச் செய்தி, கடைத் தகராறுக்கு முன்பே முகநூலில் சுற்றியது.

அம்பாறை மாவட்டத்தின் அமைப்பும் இதில் சேர்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கரையோர ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கிறார்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த அம்பாறை நகரில் சிங்களவரே பெரும்பான்மை. கரையோரத்தார் வியாபாரத்துக்கும் கச்சேரி வேலைக்கும் அங்கே போய்வருவார்கள். கொடுக்கல் வாங்கல் உண்டு. ஒருவர் மொழி மற்றவருக்குப் போதுமான அளவு தெரியாது. அந்த இடைவெளியில்தான் காசாளர் அகப்பட்டார்.

அதே மொழி இடைவெளி முகநூல் நிறுவனத்துக்குள்ளும் இருந்தது. எதிர்வினை அதிகம் கிடைக்கும் பதிவை மேலும் பலருக்குக் காட்டுவது முகநூலின் இயல்பு. கோபமும் பயமும் எதிர்வினையை விரைவில் ஈட்டித் தரும். வெறுப்புப் பதிவுகளைப் பார்த்து நீக்கச் சிங்களம் அறிந்த பணியாளர்கள் அப்போது போதிய அளவில் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து சிவில் அமைப்புகள் அனுப்பிய முறைப்பாடுகள் பல பயனின்றிப் போயின.

மார்ச் தொடக்கத்தில் தீ கண்டிக்குப் பரவியது. வீதித் தகராறில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி இறந்ததும் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் முகநூல், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றை அரசு முடக்கியது. விபிஎன் தெரிந்தவர்கள் தடையைத் தாண்டினார்கள். உறவினரின் நலம் விசாரிக்க நினைத்த சாதாரண சனமே மாட்டிக்கொண்டது. முகநூல் தடை மார்ச் 15இல் நீங்கியது.

முகநூல் நிறுவனம் பின்னர் சுயாதீன மதிப்பாய்வு ஒன்றைச் செய்வித்து, 2020 மே மாதம் அதை வெளியிட்டு, தன் தளத்தால் நேர்ந்த மனித உரிமைப் பாதிப்புக்கு மன்னிப்புக் கேட்டது. வாட்ஸ்அப், 2019 சனவரியில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாமல் உலகம் முழுவதும் மட்டுப்படுத்தியது.

ஆனால் வதந்தி அடங்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாகச் சிங்கள நாளேடு ஒன்று எழுதியது. அவர் கைதானார், குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை. அம்பாறையில் கைபேசி செய்ததைக் குருநாகலில் அச்சு இயந்திரம் செய்தது.

சட்டமும் கோணலாகவே பாய்ந்தது. வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயம்) சட்டம் இருக்கிறது. 2019 மே மாதம் ஹசலகவில், கப்பலின் சுக்கான் சக்கரப் படம் போட்ட உடையைத் தர்மச் சக்கரம் என்று எண்ணி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்ய அதே சட்டம் பயன்பட்டது. 2024 சனவரி 24இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்றுகளைத் தீர்மானிக்கும் பொறுப்பை ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்குத் தருகிறது. அரசை விமர்சிப்போர் மீது அது திரும்பும் என்ற அச்சம் ஊடகவியலாளரிடமும் உரிமை அமைப்புகளிடமும் உண்டு.

முடக்கமும் கடும் சட்டமும் வதந்தியின் வேரைத் தொடுவதில்லை. சிங்களமும் தமிழும் அறிந்த போதிய பணியாளர்களை நிறுவனங்கள் அமர்த்த வேண்டும். மறுப்பை இரு மொழிகளிலும் அதே நாளில் அரசு வெளியிட வேண்டும். தாக்கியவர்கள் தண்டனை பெற வேண்டும். இவை மூன்றும் நடக்காதவரை, அடுத்த வதந்திக்கும் அம்பாறையில் நடந்ததே நடக்கும்.