பிரென்னர்: தாழ்ந்த கணவாயின் மேல் உயர்ந்த சாலை

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் முதன்மை முகட்டைக் கடக்கும் பெரிய கணவாய்களில் மிகத் தாழ்வானவற்றுள் ஒன்று பிரென்னர். ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் எல்லையாக நிற்கும் இதன் உயரம் சுமார் 1,370 மீட்டர். சுவிட்சர்லாந்தின் காட்ஹார்ட் கணவாய் 2,100 மீட்டரைத் தாண்டுகிறது. கிரேட் செயின்ட் பெர்னார்ட் அதையும் விட உயரம். பிரென்னருக்கு இன்னொரு வசதியும் உண்டு. வடக்கே சில் ஆறும் தெற்கே இசார்க்கோ ஆறும் அறுத்து வைத்த பள்ளத்தாக்குகள் இருபுறமும் நேராகக் கணவாய்க்கே வந்து சேர்கின்றன. ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினால் மலையைக் கடந்துவிடலாம்.

அதனால் ரோமானியர் காலந்தொட்டே இது பெருவழி. ரோமில் முடிசூட்டிக்கொள்ளச் சென்ற ஜெர்மானிய மன்னர்கள் பலரும் படையோடும் பரிவாரத்தோடும் இதைக் கடந்தார்கள். 1867இல் ரயில் வந்தது. உச்சியில் சுரங்கம் தோண்டாமல், திறந்த வெளியிலேயே கணவாயைத் தாண்டிச் செல்லும் பாதை அது. முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் ஏற்பட்ட உடன்படிக்கை, அதுவரை ஆஸ்திரியாவிடம் இருந்த தெற்கு டிரோலை இத்தாலிக்குக் கொடுத்தது. ஒரே நாட்டின் நடுவில் கிடந்த கணவாய் இரு நாடுகளின் எல்லையானது. இருபுறமும் ஜெர்மன் பேசும் மக்கள். நடுவே சுங்கச் சாவடி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஐரோப்பாவில் கையில் காசும் வாசலில் காரும் வந்தன. கோடை விடுமுறைக்கு இத்தாலியின் கடற்கரைகளை நாடி ஜெர்மானியக் குடும்பங்கள் தெற்கே கிளம்பின. ஊர்களின் நடுவே வளைந்து செல்லும் பழைய கணவாய்ச் சாலை திணறியது. 1959இல் புதிய விரைவுச்சாலைக்கான வேலை இரு பக்கமும் தொடங்கியது. இத்தாலியில் வழியோர மாநில, நகர நிர்வாகங்களைப் பங்குதாரர்களாகக் கொண்ட நிறுவனம் ட்ரெண்டோ நகரில் அமைந்தது. ஆஸ்திரியா அதே ஆண்டு வசந்தத்தில், முழுப் பாதையிலும் கடினமான இடத்திலிருந்தே ஆரம்பித்தது.

அந்த இடம் இன்ஸ்ப்ரூக் நகருக்குத் தெற்கே உள்ள சில் ஆற்றின் ஆழமான பிளவு. இன்ஸ்ப்ரூக்கிலிருந்து கணவாய்வரை சுமார் 35 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 800 மீட்டர் ஏற வேண்டும். ஆற்றுப் படுகைவரை இறங்கி மறுபடி ஏறினால், பெற்ற உயரம் வீணாகும், சாய்வு கூடும், பாரம் ஏற்றிய லாரிகள் குளிர்காலத்தில் நகரவே முடியாது. ஆகவே பள்ளத்தாக்கை ஒரே தாவாகத் தாண்டப் பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். அப்படி எழுந்ததுதான் ஐரோப்பாப் பாலம். ஆற்றிலிருந்து 190 மீட்டர் உயரத்தில் சாலை ஓடுகிறது. உள்ளீடற்ற கான்கிரீட் தூண்களில் மிக உயரமானது ஏறத்தாழ 146 மீட்டர். அவற்றின் மேல் எஃகினால் ஆன பெட்டி வடிவ உத்தரம். தூண்களுக்கிடையே மிக நீண்ட இடைவெளி 198 மீட்டர். 1963 நவம்பரில் திறக்கப்பட்டபோது ஐரோப்பாவில் இதைவிட உயரமான பாலம் இல்லை. பணியில் உயிர்விட்ட தொழிலாளர்களின் நினைவாகப் பாலத்தருகே குன்றின் மேல் ஒரு சிறு தேவாலயம் நிற்கிறது. பாலத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தத் தேவாலயத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

இத்தாலியப் பகுதி நீளமானது. எல்லையில் தொடங்கி போல்சானோ, ட்ரெண்டோ, வெரோனா வழியாக மோடெனாவரை 310 கிலோமீட்டருக்கும் மேல் செல்கிறது. போல்சானோ – ட்ரெண்டோ இடையிலான பகுதி 1968இல் முதலில் திறக்கப்பட்டது. 1974இல் முழுத் தடமும் முடிந்தது. இதன் ஓரத் தடுப்புகள் பழுப்பு நிறத்தில் இருக்கும். துருப்பிடித்துவிட்டதாகத் தோன்றினாலும், அது வேண்டுமென்றே தேர்ந்த எஃகு. செம்பு, குரோமியம் போன்றவை சிறிதளவு கலந்திருப்பதால், மேலே படியும் துரு இறுகிய அடுக்காகிவிடுகிறது. உள்ளே இருக்கும் உலோகம் அரிக்கப்படுவது வெகுவாகக் குறைகிறது. வண்ணம் பூசும் செலவும் மிச்சம், மலையின் நிறத்தோடு பொருந்தியும் போகிறது.

இசார்க்கோ பள்ளத்தாக்கில் ஓர் ஊரின் தலைக்கு மேலேயே செல்லும் கோல்லே இசார்க்கோ மேம்பாலம் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு பாடம். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் தூண்களுக்கிடையே மிகப் பெரிய இடைவெளி 163 மீட்டர். இரு தூண்களிலிருந்தும் 59 மீட்டர் நீளக் கைகள் அந்தரத்தில் நீள்கின்றன. அவற்றின் நுனிகளில் 45 மீட்டர் உத்தரம் ஒன்று தாங்கி வைக்கப்பட்டிருக்கிறது. கான்கிரீட் கல்லைப் போல அசையாதது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நீண்ட காலம் மாறாமல் சுமை இருந்தால், அது மிக மெல்ல உருமாறிக்கொண்டே இருக்கும். உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளின் இறுக்கமும் ஆண்டுக்கு ஆண்டு தளரும். இரண்டும் சேர்ந்து அந்த நீண்ட கைகளின் நுனிகளைத் தாழ்த்தின. வடிவமைத்தவர்கள் கணக்கிட்டதைவிட அதிகமாகப் பாலம் தொய்ந்தது. பலமுறை செப்பனிட்ட பிறகு, 2014இல் கூடுதல் எஃகு வடங்களை இழுத்துக் கட்டி அதை வலுப்படுத்தினார்கள்.

1995இல் ஆஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 1998 ஏப்ரலில் ஷெங்கன் ஏற்பாட்டின்படி எல்லைச் சோதனையும் நீங்கியது. பயணிக்கு இது பெரும் விடுதலை. ஆனால் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு அது லாரி வரிசையாக வந்து சேர்ந்தது. அண்மை ஆண்டுகளில் பிரென்னரைக் கடக்கும் லாரிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 24 லட்சம். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் சாலைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 10 லட்சத்துக்குக் குறைவுதான். தாழ்வான கணவாய் என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. கனரக வண்டிகளுக்கு சுவிஸ் விதிக்கும் கட்டணம் அதிகம். சரக்கை ரயிலுக்கு மாற்ற அந்நாட்டு மக்கள் 1994இல் வாக்களித்து அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். தண்ணீரைப் போலச் சரக்கும் எளிய வழியைத் தேடி ஓடுகிறது.

மலைப் பள்ளத்தாக்கில் லாரிப் புகை சமவெளியைவிடக் கூடுதல் தீங்கு செய்யும். குளிர்கால இரவுகளில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கித் தேங்குகிறது. அதன் மேல் வெப்பமான காற்று படர்ந்து நிற்கிறது. கீழ்க் காற்று மேலே எழ முடிவதில்லை. சமவெளியில் கலைந்துவிடும் அதே அளவு நைட்ரஜன் ஆக்சைடு இங்கே வீடுகளைச் சுற்றியே தங்குகிறது. ஓசையும் அப்படித்தான். உயரத்தில் செல்லும் சாலையின் இரைச்சல், தடை ஏதுமின்றி எதிர்ச்சரிவில் இருக்கும் வீடுகளை எட்டுகிறது.

இதைக் கட்டுப்படுத்த 1990களில் ஆஸ்திரியாவைக் கடக்கும் லாரிகளுக்கு ஒரு புதுமையான முறை நடைமுறைக்கு வந்தது. லாரியின் எஞ்சின் எவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடுகிறதோ அதற்கேற்ற 'சூழல் புள்ளிகளை' ஒவ்வொரு பயணத்துக்கும் செலவழிக்க வேண்டும். மொத்தப் புள்ளிகள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும். 2003 முடிவோடு அது நின்றது. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலமும் இரவு ஓட்டத் தடை, சில வகைச் சரக்குகளுக்குத் தடை, நெரிசல் நாட்களில் எல்லையில் லாரிகளை அளந்து விடும் முறை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. சரக்கு தடையின்றிச் செல்லும் உரிமை ஒன்றியத்தின் அடிப்படை விதி என்று சொல்லி 2024இல் இத்தாலி ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே போனது.

அந்த நீதிமன்றத்துக்கு இந்தச் சாலை புதிதல்ல. 1998 ஜூனில் பள்ளத்தாக்கு மக்கள் ஏறத்தாழ 30 மணி நேரம் சாலையில் திரண்டு போக்குவரத்தை நிறுத்தினார்கள். நட்டஈடு கேட்டு ஒரு ஜெர்மானியச் சரக்கு நிறுவனம் தொடுத்த வழக்கில், 2003இல் வந்த தீர்ப்பு, மக்கள் கூடிப் போராடும் உரிமைக்காக அந்தத் தடையை ஆஸ்திரிய அரசு அனுமதித்தது சரியே என்றது. ஐரோப்பியச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைக் கற்கிறார்கள். வணிகத்தின் உரிமைக்கும் குடிமக்களின் உரிமைக்கும் நடுவே இவ்வளவு தெளிவாக எடை போட்ட தீர்ப்புகள் குறைவு.

சாலைக்கும் வயதாகிவிட்டது. கணவாய்க்கு அருகே 1960களின் பிற்பகுதியில் கட்டிய, 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள லூக் பாலம், கட்டியபோது எதிர்பார்த்ததைவிட மிக அதிகப் பாரத்தைத் தாங்கியிருக்கிறது. பனியை உருக்கத் தூவும் உப்பும் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பிகளை அரிக்கும். 2025 ஜனவரி 1 முதல் அதில் பெரும்பாலான நாட்களில் திசைக்கு ஒரு தடம்தான். பக்கத்திலேயே புதிய பாலம் எழுகிறது. அதற்குப் பதில் சுரங்கம் வேண்டும் என்று கீழே உள்ள கிரீஸ் என்னும் சிற்றூர் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை.

பாரத்தைக் குறைக்கும் நம்பிக்கை மலைக்கு அடியில் இருக்கிறது. இன்ஸ்ப்ரூக்கிலிருந்து ஃபோர்ட்டெட்ஸாவரை 55 கிலோமீட்டர் நீளத்தில் தோண்டப்படும் ரயில் சுரங்கம், இருக்கும் இணைப்புச் சுரங்கத்தையும் சேர்த்தால் 64 கிலோமீட்டர். பழைய பாதையில் சரக்கு ரயில்கள் செங்குத்தான ஏற்றத்தில் கூடுதல் எஞ்சின்களோடு ஏறுகின்றன. புதிய பாதை ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்துக்கு மேல் போகாது. 2025 செப்டம்பரில் ஆய்வுச் சுரங்கத்தின் இரு முனைகளும் எல்லைக்கடியில் சந்தித்தன. 2032இல் ரயில்கள் ஓடும் என்பது திட்டம். ஆனால் வடக்கே ஜெர்மனிக்குள் சுரங்கத்துக்கு வந்து சேரும் புதிய தண்டவாளங்கள் மிகவும் பின்தங்கியிருக்கின்றன. அவை வரும்வரை சரக்கின் பெரும்பகுதியை 1963இல் திறந்த பாலமே சுமக்கும்.