ஒருவர் படிக்க, வீடே கேட்க

“அப்பா, சிங்கம் கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்துச்சே, அதை விட்டுட்டியே!”

இரவு ஒன்பதரை மணி. தூக்கக் கலக்கத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டதற்காக நான்கு வயது மகளிடம் வாங்கிய திட்டு இது. அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் முயலிடம் ஏமாந்த சிங்கத்தின் கதையை எத்தனையோ முறை கேட்டாயிற்று. ஒரு வரி குறைந்தாலும் பிடித்துவிடுகிறாள்.

நம் வீடுகளில் ‘படி’ என்றால் பாடப் புத்தகம், வீட்டுப்பாடம், மார்க். “போய்ப் படி” என்று பிள்ளையை அறைக்குள் அனுப்பிவிட்டு நாம் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். கணக்குப் புத்தகத்துக்குள் காமிக்ஸை ஒளித்துவைத்த நம் தலைமுறைக்கு, அந்தச் சொல்லின் கசப்பு தெரியாதா என்ன?

திண்ணையில் கேட்ட கதை

படிப்பதை ஒற்றை ஆள் வேலையாக நம் ஊர்கள் நினைத்ததில்லை. அல்லி அரசாணி மாலை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை எழுத்தறிந்த ஒருவர் விளக்கொளியில் ராகம் போட்டு வாசிக்க, திண்ணை நிறையக் கூட்டம் கேட்டது. மழை பொய்த்தால் மகாபாரதத்தின் விராட பருவம் படிக்கிற வழக்கமும் உண்டு. 1950இல் கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராகத் தொடங்கியபோது, இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்ற சண்டைக்கு முடிவுகட்ட, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்த வீடுகள் பல. டீக்கடைத் தினத்தந்தி மட்டும் என்ன, ஒருவர் வாசிக்கப் பெஞ்சே கேட்டதுதானே!

காது பழகினால்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட இன்னொரு காரணமும் இருக்கிறது. நாம் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். ‘பார்த்துச்சு’ என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை, பள்ளியில் ‘பார்த்தது’ என்பதைப் பார்த்ததும் தடுமாறுகிறது. எழுத்தும் புதிது, சொல்லும் புதிது. வீட்டில் கதை கேட்ட பிள்ளைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே பழக்கம். எழுத்தை மட்டும் பழகினால் போதும். என் மகள் தன் பொம்மைக்குக் கதை சொல்லும்போது, “சிங்கம் எட்டிப் பார்த்தது” என்று புத்தகத் தமிழிலேயே சொல்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பத்தே நிமிடம்

சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். எடுத்ததையே எடுத்தாலும் சலித்துக்கொள்ள வேண்டாம். சிங்கத்துக்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல் கொடுங்கள். கதை முடிந்ததும், “இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த நொடியில் கதை பாடமாகிவிடும். பிள்ளை வாசிக்கும்போது தவறினால், உடனே திருத்தாமல் கொஞ்சம் பொறுங்கள். பல நேரம் தானே திரும்பி வந்து சரியாகப் படித்துவிடும்.

புத்தகத்துக்குப் பெரிய செலவு இல்லை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். 2023இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு நிலைகளில் இருக்கின்றன. பெயர்களே சொல்கின்றன, எடுத்ததும் பறக்கச் சொல்லக் கூடாது என்று.

பெற்றோருக்குப் படிக்கத் தெரியாத வீட்டில் என்ன செய்வது? போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அதற்கு விடை கிடைத்தது. என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன், அம்மாச்சிக்கு விரல் வைத்து வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தான். ஒரு நீளச் சொல்லில் திக்கி நின்றான். வெற்றிலையை மடித்தபடியே அம்மா சொன்னாள்:

“மெதுவா வாசி ராசா. கதை எங்கயும் ஓடிப்போயிடாது.”