ஆமையும் குடிகளின் கடமையும்

அழிந்துவரும் பிராணிகளைக் காப்பது சர்க்காரின் வேலை, நமக்கு அதில் யாதொரு சம்பந்தமுமில்லை என்று எண்ணுவோர் எத்தேசத்திலும் உளர். அவர்கள் கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்துவரும் ஒரு காரியத்தைக் கவனிப்பார்களாக.

அம்மாகாணத்துக்கு உரிய ஆமை இனங்கள் எட்டு. எட்டுமே அபாய நிலையில் இருப்பதாக அந்நாட்டு நிபுணர் குழு கணித்திருக்கிறது. மே மாதக் கடைசி முதல் ஜூலை முற்பகுதி வரை தாய் ஆமைகள் குளங்களையும் சதுப்பு நிலங்களையும் விட்டு, வெயில் படும் மணலையும் சரளையையும் தேடி வருகின்றன. ஆமைக்குப் பட்டா எல்லை தெரியாது. வீட்டுத் தோட்டமோ, வண்டிப் பாதையோ, சாலையோரமோ, மண் இளகியிருக்கும் இடத்தில் குழி பறித்து முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பிவிடும். பல சமயங்களில் அன்றிரவே ராக்கூன், நரி முதலியன மோப்பம் பிடித்து வந்து கூட்டைச் சூறையாடிவிடுகின்றன. மனிதர் வீசும் குப்பையைத் தின்றே ராக்கூன்கள் பெருகுகின்றன. ஆதலின் இக்கொள்ளையில் மனிதருக்கும் பங்குண்டு.

இதற்குப் பரிகாரமாக வீட்டுக்காரர்கள் செய்வது மிக எளிய காரியம். அடிப்பலகையில்லாத மரச் சட்டத்தின்மேல் கம்பிவலை அடித்து, அதைக் கூட்டின்மீது வைத்துக் கல்லால் பாரமேற்றுகிறார்கள். குஞ்சுகள் வெளியேறப் பக்கங்களில் சிறு வழிகள் விடப்படுகின்றன. பலகையால் மூடலாகாதோ எனில், ஆகாது. முட்டைக்கு வெயிலும் மழையும் வேண்டும். பல இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் உஷ்ணமே நிர்ணயிக்கிறது. முட்டையைப் புரட்டினால் கரு மாண்டுபோகலாம். ஆகையால் அதைத் தொடுதல் கூடாது. பொறுமையும் வேண்டும். சில இனங்களின் குஞ்சுகள் பொரிந்த பின்னும் கூட்டிலேயே பனிக்காலத்தைக் கழித்து, வசந்தத்தில்தான் வெளிவரும்.

இத்தனை சிரமம் எதற்கு? கடிக்கும் ஆமை என்ற இனம் முட்டையிடும் பருவமடையவே 15 முதல் 20 ஆண்டுகள் செல்கின்றன. நூறு முட்டைகளில் ஒன்றுகூட அப்பருவத்தை எட்டுவது அரிது. சாலையில் ஒரு தாய் ஆமை மோட்டாரில் அடிபட்டால், அந்நஷ்டம் எளிதில் ஈடாவதன்று. ஆதலின், கூட்டைக் காப்போர் சாலை கடக்கும் ஆமையையும், அது செல்லும் திசையிலேயே மறுபுறம் சேர்த்தல் வேண்டும்.

சட்டம் இல்லையோ எனில், உண்டு. 2007-ஆம் வருஷத்துச் சட்டம், அபாயத்திலுள்ள பிராணி இரை தேடும் இடத்தையும் இடம்பெயரும் வழியையும் அதன் வாசஸ்தலமாகவே கொண்டிருந்தது. 2025-ல் மாகாண சட்டசபை அவ்வரையறையைச் சுருக்கி, கூடு போன்ற உறைவிடங்களும் அவற்றை ஒட்டிய நிலமுமே வாசஸ்தலம் என்று ஆக்கிவிட்டது. தொழில் விருத்திக்கு இருந்த தடைகள் நீங்கும் என்பது சர்க்கார் தரப்பு வாதம். ஆனால் குளத்துக்கும் கூட்டுக்கும் நடுவிலுள்ள நிலத்தைக் கைவிட்டுக் கூட்டை மட்டும் காத்து யாது பயன்?

சட்டம் கைவிட்ட இடத்தில் குடிகளின் தர்மம் முன்வந்து நிற்பது போற்றத்தக்கதே. ஆயினும் அத்தர்மத்தைக் காட்டிச் சர்க்கார் தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ள இடங்கொடுக்கலாகாது. தோட்டத்தில் வலைச் சட்டம் வைத்த கைகள், சட்டசபைப் பிரதிநிதிக்கு ஒரு விண்ணப்பமும் எழுதட்டும். இரண்டும் சேர்ந்ததே குடிமகனின் கடமையாகும்.