‘ஓர் ஊர்’ தெரிந்தால் ‘ஆன் ஹவர்’ தெரியும்: பத்தாம் வகுப்பு ஆங்கிலமும் கம்மாபுரத்துப் பிள்ளைகளும்

பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் புறப்படுகிறான் ஒரு பையன். இன்று இலக்கணத்தில் கேள்வி கேட்பேன் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். ‘பார்ட்டிசிபிள்’ பற்றிய கேள்வி. பையனுக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பேசாமல் மட்டம் போட்டுவிட்டு வயல்வெளியில் சுற்றலாமா என்று யோசிக்கிறான்.

இது பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் தோதே எழுதிய ‘தி லாஸ்ட் லெசன்’ கதையின் தொடக்கம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பாடமாக இருக்கிறது. நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய அந்தப் பிரான்ஸ் பையனின் வயிற்றுக் கலக்கம் கம்மாபுரத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும். மார்ச் நெருங்கினால் அவர்களுக்கும் அதே கலக்கம்தான். பெயர் மட்டும் வேறு: ‘வாய்ஸ்’, ‘ரிப்போர்ட்டட் ஸ்பீச்’, ‘ஆர்ட்டிக்கிள்’.

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்குக் கிழக்கே, நெய்வேலிச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது கம்மாபுரம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்றிலும் நெல், கரும்பு, முந்திரி. பக்கத்து டவுனான விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போனது. பொம்மை, அகல் விளக்கு என்று அங்கே சூளையில் வேகாத நாள் குறைவு. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படிக்க அரசுப் பயிலகமும் அங்கேயே இருக்கிறது. அதில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஐ.டி.ஐ.யின் பல பிரிவுகளுக்கும், பிளஸ் ஒன்னுக்கும் அதேதான் வாசல். ஐந்து பாடத்தில் நான்கில் 80 எடுத்திருந்தாலும், ஆங்கிலத்தில் 34 என்றால் அந்த வாசல் அப்போதைக்குத் திறக்காது. துணைத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும்.

புத்தகம் திறக்காமலே 40?

முன்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள். 2019-20 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்புக்கு ஒரே தாள், 100 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று தெரியும். மனப்பாடப் பாடலுக்கு 5. வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வதற்கு 2. கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல், பிழை திருத்தம் ஆகிய ஆறில் நான்குக்கு 20. துணைப்பாட வாக்கியங்களை வரிசைப்படுத்துவதற்கு 5. பத்தியைப் படித்து விடை எழுதுவதற்கு 8. கூட்டினால் 40. உரைநடைப் பாடம் ஒன்றைக்கூட முழுதாகப் படிக்காத பிள்ளையும் கணக்குப்படி பாஸ்.

மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான காலை, மாலைச் சிறப்பு வகுப்புகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. கடிதத்துக்கு ஓர் அச்சு, விளம்பரத்துக்கு ஓர் அச்சு. பொம்மைக்குக் களிமண்ணை அச்சில் அழுத்துவது மாதிரி, பொருளின் பெயரை மட்டும் மாற்றி அழுத்தினால் விடை வந்துவிடும்.

இதைக் குறை சொல்வது எளிது. ஆனால், 20 மதிப்பெண்ணில் தத்தளிக்கும் பிள்ளையைப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கரையேற்ற ஆசிரியருக்கு வேறு எந்தக் கயிறு இருக்கிறது? சிக்கல் அடுத்த வருடத்தில் இருக்கிறது. அச்சு விடையால் பாஸான பிள்ளை டிப்ளமோவில் சேர்ந்ததும் களிமண்ணைப் பற்றியும் சூளையின் வெப்பத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டியிருக்கும். அங்கே எந்த அச்சும் உதவாது. அதனால்தான், பாஸ் மார்க்குக்குக் கயிறு கொடுக்கும்போதே கொஞ்சம் நீச்சலும் பழக்கிவிட வேண்டியிருக்கிறது.

தமிழ் இலக்கணம் கையில் இருக்கிறதே!

நீச்சல் பழக நல்ல இடம் எது? பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழ் இலக்கணம். தமிழ் வகுப்பில் சரளமாகச் சொல்வதை ஆங்கில வகுப்பில் புதிதாய்ப் பார்ப்பதுபோல் மிரள்வதுதான் வேடிக்கை.

‘எ’, ‘ஆன்’ எங்கே போடுவது என்பது பிழை திருத்தத்தில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி. தமிழில் உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’, உயிர்மெய்க்கு முன்னால் ‘ஒரு’. ஓர் ஊர், ஒரு வீடு. ஆங்கிலத்திலும் அதே கதை, ஆனால் பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு: ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். ‘ஹவர்’ என்று நாம் எழுதினாலும் உச்சரிப்பு ‘அவர்’தான். அகரத்தில் தொடங்குகிறது, ஆகவே ‘ஆன்’. ‘யுனிவர்சிட்டி’ யகரத்தில் தொடங்குகிறது, ஆகவே ‘எ’. ‘எம்.எல்.ஏ.’ எகரத்தில் தொடங்குகிறது, ஆகவே ‘ஆன்’. ‘ஒன்’ என்ற எண்ணைச் சொல்லிப் பாருங்கள், ‘வன்’ என்றுதான் வரும். ஆகவே ‘எ ஒன் ருபீ காயின்’. ‘யூரோப்பியன்’ மட்டும் நம்மவர்களை இடறிவிடும். தமிழில் ஐரோப்பா என்று பழகிய வாய், உயிரெழுத்து என்று நினைத்து ‘ஆன்’ போட்டுவிடுகிறது.

வாய்ஸ் என்பது செய்வினை, செயப்பாட்டுவினைதான். ‘குயவர் பானையைச் செய்தார்’ என்பது ‘பானை குயவரால் செய்யப்பட்டது’ என்று மாறும். ‘பானையை’ என்பதிலிருந்த ‘ஐ’ உதிர்கிறது. குயவரோடு ‘ஆல்’ ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அது ‘பை’. ‘பட்டது’ என்பதில் ‘படு’ காலத்தைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சுமையை ‘இஸ்’, ‘வாஸ்’ தூக்குகின்றன. ‘மேக்ஸ்’ என்றால் ‘இஸ் மேட்’, ‘மேட்’ என்றால் ‘வாஸ் மேட்’. இந்த மூன்று மாற்றமும் தமிழ் வாக்கியத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வாய்பாடு தேவையில்லை.

ரிப்போர்ட்டட் ஸ்பீச், நேர்க்கூற்று அயற்கூற்று. அம்மா, “நான் நாளை வருகிறேன்” என்றார். அயற்கூற்றில் இது, ‘தான் மறுநாள் வருவதாக அம்மா கூறினார்’ என்றாகும். நான் போய்த் தான் வந்தது, நாளை போய் மறுநாள் வந்தது. ‘இது’ அதுவாகும், ‘இங்கே’ அங்கேயாகும். ஆங்கிலமும் இவ்வளவையும் செய்துவிட்டு, கூடுதலாக வினைச்சொல்லை ஒரு படி பின்னுக்குத் தள்ளச் சொல்கிறது: ‘வில்’ இருந்தால் ‘வுட்’, ‘இஸ்’ இருந்தால் ‘வாஸ்’. புதிதாகக் கற்க வேண்டியது அந்த ஒரு படிதான்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேற்றுமை உருபு நமக்குப் பெயருக்குப் பின்னால் வரும், ஆங்கிலத்தின் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ முன்னால் வரும். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று பழகியவர்கள் ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லோடு ‘அபவுட்’டையும் சேர்த்துவிடுவார்கள், அது பிழை. ‘ஆல்தோ’வில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’ போடுவதும் அப்படித்தான். இவற்றுக்குக் குறுக்குவழி கிடையாது. பழைய வினாத்தாள்களை எடுத்துப் பிழை திருத்திப் பழகுவது ஒன்றே வழி. தப்புச் செய்த வாக்கியங்களுக்கென்று தனி நோட்டு போட்டால், அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது பத்துத் தாளுக்குள் தெரிந்துவிடும்.

‘ஏன்’ என்றால் என்ன செய்வது?

வாசிப்புப் பகுதிக்கு ஒரு பிரபலமான தந்திரம் புழக்கத்தில் உண்டு. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு. அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. ‘யார்’, ‘எங்கே’, ‘எப்போது’ கேள்விகளுக்கு இது பலிக்கும். ‘ஏன்’ என்று கேட்டால் பெரும்பாலும் காலை வாரிவிடும். காரணம் பல நேரம் முந்தைய வரியில் இருக்கும், அல்லது கேள்வியில் இல்லாத வேறொரு சொல்லில் ஒளிந்திருக்கும். முதலில் கேள்விகளைப் படித்துவிட்டுப் பத்திக்குப் போவது நல்ல பழக்கம். ஆனால், பத்தியை ஒருமுறையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிற்காமல் வாசித்தே ஆக வேண்டும். நடுவில் தெரியாத சொல் வந்தாலும் நிற்கக் கூடாது. முன்னும் பின்னும் இருக்கும் வார்த்தைகள் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். தமிழ்க் கதை வாசிக்கும்போது தெரியாத சொல்லுக்கு யாரும் அகராதி தேடி ஓடுவதில்லையே.

இதற்குப் பாடப்புத்தகமே போதும். ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ பாடத்தில் பறக்கப் பயந்து பாறை விளிம்பில் தனியாக நிற்கும் கடற்பறவைக் குஞ்சு, கடைசியில் எதற்காகப் பாய்ந்தது? பசிக்காக. தாய் அலகில் மீனோடு எதிரே பறந்தது, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிட்டது. இந்த ‘ஏன்’களைத் தமிழில் பேசி முடித்துவிட்டு, பிறகு விடையை ஆங்கிலத்தில் தேடச் சொன்னால் பிள்ளை பாடத்தை உண்மையிலேயே வாசிக்கும். நோட்ஸைத் திறக்க வேலை இருக்காது.

ஆங்கிலம் தெரியாத அம்மாவும் அப்பாவும் இங்கே வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. ‘இந்தக் கதையில என்னதான்டா நடக்குது, சொல்லு’ என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டாலே போதும். பிள்ளை தடுமாறும் இடம்தான் அவனுக்குப் புரியாத பத்தி. மனப்பாடப் பாடலை ஒப்பிக்கச் சொல்லி எந்த வரியில் திக்குகிறான் என்று கேட்க, அந்த மொழி தெரிந்திருக்கக்கூடத் தேவையில்லை. கையில் இருக்கும் போனுக்கும் வேலை கொடுக்கலாம். பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாடம் தொடர்பான வீடியோக்கள் வரும். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. ஒரு பாடத்தைப் பிள்ளை சத்தமாக வாசித்துப் போனில் பதிவு செய்து, தானே கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. நிறுத்தற்குறி இல்லாத வாக்கியத்தில் எங்கே காற்புள்ளி, எங்கே மேற்கோள் குறி என்பது காதுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

வழி சொல்லும் கேள்விக்கு ஊரே வரைபடம். கம்மாபுரம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் வெளியூர்க்காரருக்குப் பள்ளிக்கூடத்துக்கு வழி சொல்வது எப்படி? ‘கோ ஸ்ட்ரெய்ட்’, ‘டேக் த ஃபர்ஸ்ட் லெஃப்ட்’, ‘இட் இஸ் ஆப்போசிட் டு...’ என்று நடந்துகொண்டே நான்கு நாள் சொல்லிப் பார்த்தால் அந்த 2 மதிப்பெண் எங்கும் போகாது. விளம்பரத்துக்கும் பக்கத்திலேயே சரக்கு இருக்கிறது: கார்த்திகைக்கு விருத்தாசலம் பீங்கான் அகல் விளக்கு, ஜோடி என்ன விலை, எங்கே கிடைக்கும், எத்தனை நாள் தள்ளுபடி. தெரிந்த பொருளுக்கு எழுதும்போது வார்த்தை தானாக வரும்.

தேர்வு அறையில் காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். முதல் 10 நிமிடம் படிக்க மட்டும். பலர் அந்த நேரத்தில் பக்கங்களைப் புரட்டி, தெரிந்த கேள்வியைத் தேடிச் சந்தோஷப்படுவதும் தெரியாததைப் பார்த்துப் பதறுவதுமாகக் கழித்துவிடுகிறார்கள். அதைவிட, நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய் எட்டு மதிப்பெண் பத்தியை நிதானமாக ஒருமுறை வாசித்துவிடலாம். அதன்பிறகு 5 நிமிடம் விடைத்தாளில் விவரங்களைச் சரிபார்க்க. 10.15-க்கு மணி அடிக்கும், பேனாவைத் திறக்கலாம்.